முதலில் உடம்பு, அப்புறம் பேச்சு

சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம், அலுவலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் முன்புதான், பன்னிரண்டு பேர் இருந்த ஒரு கூட்டத்தில், மூன்று வாரம் ராத்திரி பகலாக நான் தயாரித்த அறிக்கையை மேலாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதை யார் கேட்டாங்க?" என்று மேஜையில் தள்ளிவிட்டிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவரவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து எனக்கு நானே புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். "இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவர் எல்லாரிடமும் இப்படித்தான். பதறாதே." சொல்லச் சொல்ல நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. சொன்னதெல்லாம் நியாயமான வார்த்தைகள்தான். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

வேறு பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், படியிறங்கி வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சை இழுத்து இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கறம்மா. விடு. முழுசா வெளியே விடு" என்றார். அப்போதுதான் தெரிந்தது, தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது. விட்டேன். இன்னொரு முறை விட்டேன். ஏழெட்டு மூச்சுக்குப் பிறகு கண்ணில் நீர் வந்தது. அதற்கு அப்புறம்தான் "அவர் எல்லாரிடமும் இப்படித்தான்" என்ற அதே வாக்கியம் என் காதில் விழுந்தது.

அன்று நடந்தது என்ன என்று புரிந்துகொள்ள எனக்கு நிறைய நாள் ஆனது. ஒரு மனநல ஆலோசகரிடம் சில மாதங்கள் போனேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். அதில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இதுதான்: மன அழுத்தத்தைக் கையாளும் உத்திகள் பெரும்பாலும் நல்லவைதான், நமக்குக் கைகொடுக்காமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும், தப்பான நேரத்தில் அதை எடுப்பது. உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது மனத்தோடு வாதம் செய்வோம். உடம்பு அடங்கி, உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரத்தில் மொபைலைத் தள்ளிக்கொண்டிருப்போம்.

அதனால் எனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டேன். இப்போது பத்துக்கு எத்தனை? சிகிச்சையில் இதை 0 முதல் 100 வரை சொல்லச் சொல்வார்கள். எனக்குப் பத்து போதும். ஏழுக்கு மேலே என்றால் எதைப் பற்றியும் யோசிப்பதில்லை, யாருக்கும் பதில் எழுதுவதில்லை, உடம்பை மட்டும் பார்க்கிறேன். ஏழுக்குக் கீழே வந்தால் அந்த உணர்ச்சிக்குப் பெயர் தேடுகிறேன். மூன்று நாலுக்கு வந்த பிறகுதான் 'நான் நினைப்பது சரிதானா' என்ற கேள்விக்கே போகிறேன்.

ஏன் உடம்பு முதலில்? ஹார்வர்டைச் சேர்ந்த உடலியலாளர் வால்டர் கேனன், ஆபத்து வந்தால் எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்பு தயாராவதை 1915-ல் விவரித்தார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் மெதுவாகிறது. பின்னாலேயே கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் வருகிறது. எதிரே வருவது விலங்கா, மேலாளரின் ஒரு வாக்கியமா என்று இந்த ஏற்பாடு பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த நிலையில் நிதானமாக எடைபோட்டுப் பார்க்கும் மூளைப் பகுதியின் பிடி தளர்ந்துவிடுகிறது. ஓடத் தயாராக நிற்கும் உடம்பிடம் 'உட்கார்ந்து யோசி' என்றால் அது எப்படிக் கேட்கும்?

இதயத் துடிப்பை நேரடியாக நம்மால் குறைக்க முடியாது. மூச்சை மட்டும் நாமும் நடத்தலாம், தானாகவும் நடக்கும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாகச் சற்று மெதுவாகிறது. விடும் நேரத்தை நீட்டினால் அந்த மெதுவாகும் நேரமும் நீள்கிறது. 'ஆழமா மூச்சு இழு' என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்த அக்கா 'விடு' என்று சொன்னதுதான் சரியான வைத்தியம். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். மூக்கால் ஒரு முறை இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாயால் நீளமாக விடுவது. தினமும் 5 நிமிடம், ஒரு மாதம். அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களின் மனநிலை கூடுதலாகத் தேறியிருந்தது. பெருமூச்சுதான் இது. காலங்காலமாக நாம் விட்டுக்கொண்டிருப்பதைக் கணக்காகச் செய்வது, அவ்வளவுதான்.

மூச்சைக் கவனித்தாலே சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்களுக்குத் தசை வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் முறைப்படுத்தியது: கைவிரலை இறுக்கி மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, தளரவிடுவது, அப்புறம் முழங்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக. இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு எது என்று உடம்புக்குத் தெரிகிறது. படுக்கையில் எனக்கு இதுதான் உதவுகிறது. பெரும்பாலும் இடுப்பைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். இன்னும் அவசரமான நேரத்துக்குக் குளிர்ந்த நீர். மூச்சைப் பிடித்து, கண்ணும் கன்னமும் நனைய முகத்தை அதில் வைத்தால், தண்ணீரில் மூழ்கும்போது வருகிற அனிச்சைச் செயல் தூண்டப்பட்டு இதயம் மெதுவாகும். இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சரி, உடம்பு ஓரளவு அடங்கிவிட்டது. அடுத்தது பெயர் வைப்பது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

'டென்ஷனா இருக்கு.' ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! பயம், கோபம், வெட்கம், களைப்பு எல்லாவற்றையும் இந்த ஒரே மூட்டையில் கட்டித் தோளில் போட்டுக்கொள்கிறோம். மூட்டையை அவிழ்க்காமல் உள்ளே என்ன என்று எப்படித் தெரியும்? கலிஃபோர்னியாவில் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையின் எச்சரிக்கை மணி போன்ற அமிக்டலாவின் வேகம் குறைந்தது தெரிந்தது. நெற்றிப் பக்கத்து மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. வெறும் ஒரு சொல்தான். அறிவுரை இல்லை, ஆறுதல் இல்லை.

தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எரிச்சல் வேறு, ஆத்திரம் வேறு, பொருமல் வேறு. பொருமல் வெளியே வராமல் உள்ளேயே புகைவது. மனத்தாங்கல் வேண்டியவர்களிடம் மட்டுமே வருவது. முன்பின் தெரியாதவரிடம் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆற்றாமையில் 'என்னால் எதுவும் செய்ய முடியவில்லையே' என்பது இருக்கிறது. தவிப்பு எதற்காகவோ காத்திருக்கிறது. ஏக்கம் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கலாய்ப்பு, கலக்கம், கூச்சம், குறுகல், வெறுமை. இவற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்தைக் கேட்கிறது. எரிச்சலுக்கு ஓய்வு போதும். மனத்தாங்கலுக்குப் பேச்சு வேண்டும்.

ஒரு முறை என் தம்பிக்கு ஒரு நீண்ட செய்தி டைப் செய்து வைத்திருந்தேன். அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சல் முழுவதும் என் தலையில் விழுந்திருந்த மாதம் அது. 'உனக்குப் பொறுப்பே இல்லை' என்று தொடங்கி, பத்து வருடக் கணக்கையும் வரிசையாக எழுதியிருந்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் இருந்தது. பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பார்த்தேன். எட்டு. மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் நடந்தேன். திரும்பி வந்து, இது கோபம்தானா என்று யோசித்தேன். கோபத்துக்கு அடியில் இருந்தது வேறு. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த தவிப்பு. அவன் மேல் இருந்தது கோபம் இல்லை, மனத்தாங்கல். எழுதியதை அழித்துவிட்டு, "வியாழக்கிழமை ரிப்போர்ட் வருதுடா. தனியா போக பயமா இருக்கு. வர்றியா?" என்று மட்டும் அனுப்பினேன். வந்தான். முதல் செய்தி போயிருந்தால் அவன் தன் கணக்கை எழுதியிருப்பான். வியாழக்கிழமை நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

'கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடு, மனசு லேசாகும்' என்று நிறையப் பேர் நம்புகிறோம். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் சிலரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. அதற்காக விழுங்கிவிடுவதும் வழியில்லை. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவதை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் அவருடன் வேலை செய்தவர்களும் பல வருடம் ஆராய்ந்தார்கள். அடக்குவதால் உள்ளே உணர்ச்சி குறைவதில்லை, உடம்பின் வேலைதான் கூடுகிறது. 2003-ல் வந்த ஓர் ஆய்வில், அப்படி அடக்கிக்கொண்டு பேசுபவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. வீட்டில் ஒருவர் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டு உம்மென்று இருந்தால் மற்றவர்களுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது இதைப் படித்தபோது புரிந்தது. கொட்டுவதும் விழுங்குவதும் இல்லாத மூன்றாவது வழி, இன்ன உணர்ச்சி எனக்கு இருக்கிறது என்று சொல்வது.

கவலை இன்னொரு ரகம். அது பெரும்பாலும் இன்னும் நடக்காததைப் பற்றியது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் 'அதை நினைக்காதே' என்று சொல்லிக்கொள்வேன். அதுதான் முதலில் வந்து நிற்கும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் செய்த சோதனை இதைக் காட்டியது. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும் என்று சொல்லி ஐந்து நிமிடம் விட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கியவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. ஒரு நினைப்பு வருகிறதா என்று காவல் காக்க, அந்த நினைப்பையே கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே விரட்டுவதை விட்டுவிட்டு நேரம் ஒதுக்கினேன். இது உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983-ல் எழுதிய முறை. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரம் கவலைக்கு. மற்ற நேரத்தில் கவலை வந்தால், அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். என் நேரம் மாலை ஆறு. தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டு. இரவில் விழித்தால் விளக்குப் போடாமல் ஒரே வரி கிறுக்கிவிட்டு, 'ஆறு மணிக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். முதல் வாரம் மனம் நம்பவில்லை, மறுபடி மறுபடி எழுப்பியது. நான் நிஜமாகவே ஆறு மணிக்கு உட்கார்ந்து, வரிவரியாக எடுத்துக் கவலைப்படுகிறேன் என்று தெரிந்த பிறகுதான் விட்டது. இதில் ஏமாற்றக் கூடாது. சொன்ன நேரத்தில் உட்காராவிட்டால் அடுத்த இரவு அது சும்மா இருக்காது. ஆறு மணிக்குப் பார்த்தால் இரவு எழுதியதில் பாதி வரிகள் எதற்காக என்றே தெரியாது. மீதியில் சிலவற்றுக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கும்: ஒரு போன், ஒரு படிவம், ஒரு மன்னிப்பு. ஒன்றிரண்டு மட்டும் என்னால் எதுவும் செய்ய முடியாதவையாக நிற்கும். அவற்றோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அதுவும் கஷ்டம்தான், ஆனால் அது ஆறிலிருந்து ஆறரை வரை.

அளவு மூன்று நாலுக்கு வந்த பிறகு நினைப்பைச் சோதிப்பது. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் கவனித்தது, நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் நடுவில் மின்னலாக ஒரு வாக்கியம் ஓடிவிடுகிறது என்பது. அன்று எனக்கு ஓடியது 'எல்லாருக்கும் நான் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டது'. பேப்பரில் எழுதிப் பார்த்தால்தான் அதன் இடுப்பு உடைகிறது. எல்லாருக்கும் என்றால் யார் யார்? அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் சாயங்காலம் வந்து அதே அறிக்கையைக் கேட்டு வாங்கிப் போனார்களே? மேலாளர் சொன்னது அறிக்கையைப் பற்றியா, என்னைப் பற்றியா? எல்லாவற்றையும் நல்லதாக நினைத்துக்கொள்வது இதன் நோக்கம் இல்லை. சில சமயம் சோதித்துப் பார்த்தால் நினைப்பு சரியாகவே இருக்கும். தப்பு நம்முடையதாகவே இருக்கும். அப்போதும் 'நான் தப்பு செய்தேன்' என்பதற்கும் 'நானே ஒரு தப்பு' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரியது.

இதைச் செய்யும்போது என்னை நானே பெயர் சொல்லி அழைத்துக்கொள்வேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014-ல் காட்டியது: பதற்றமான நேரத்தில் 'நான் ஏன் இப்படி' என்று கேட்காமல், தன் பெயரைச் சொல்லி 'இவள் ஏன் இப்படி இருக்கிறாள்' என்று கேட்டவர்கள் கொஞ்சம் குறைவாகத் தவித்தார்கள். ஒரு சிநேகிதிக்கு யோசனை சொல்லும் தூரம் கிடைத்துவிடுகிறது. சிநேகிதியிடம் நாம் பேசும் விதமே தனி. என்னிடம் நான் பேசிக்கொண்டிருந்ததைப் போல வேறு யாரிடமும் நான் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆறாத பழைய விஷயங்களுக்கு எழுத்து. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட முறை: 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், மனத்தைப் புண்படுத்திய ஒன்றைப் பற்றி, நடந்ததையும் அப்போது இருந்த உணர்ச்சியையும் சேர்த்து, பிழை பார்க்காமல் எழுதுவது. அப்படி எழுதிய மாணவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனமாகத்தான் இருக்கும். அந்த ஆய்விலும் அப்படித்தான் இருந்தது. அதனால் படுக்கப் போகும் முன் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மிகச் சமீபத்தில் நடந்த பெரிய துயரத்தை உடனே தோண்டவும் வேண்டாம்.

சோகத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். மனம் சரியானதும் எழுந்திருக்கலாம் என்று படுத்திருந்தால் மனம் சரியாவதில்லை. எழுந்து முகம் கழுவுவது, பத்து நிமிடம் வெளியே போவது, ஒருவருக்கு போன் செய்வது என்று எவ்வளவு சின்னதானாலும் காரியம் முதலில் நடக்க வேண்டும். பிடித்தமாகச் செய்ய வேண்டியதில்லை. பிடித்தம் பின்னால் வரும், சில நாள் வராமலும் போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்து செய்து ஓர் அநியாயத்தை இன்னும் மூன்று வருடம் தாங்கிக்கொள்வது வைத்தியம் ஆகாது. அந்த மேலாளரின் கீழ் நான் ஒன்பது மாதம் நோட்டும் மூச்சுமாகச் சமாளித்தேன். ஆறு மணிப் பட்டியலில் அவர் பெயர் வராத நாளே இல்லை என்று பக்கங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது. அடுத்த வாரம் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் அந்த வரி அதன் பிறகு வரவில்லை. அழுத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே எதையாவது மாற்ற முடியுமானால், முதலில் அதை மாற்றுங்கள்.

அதே மாதிரி, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆசையற்றுப் போனால், திடீர் திடீரென்று படபடப்பு வந்து வெளியே போகவே பயமாக இருந்தால், தனியாகச் செய்து பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அந்த வார்த்தையையே சொல்லுங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதல் முறை ஆலோசகரைப் பார்க்கப் போனபோது வாசலில் இருபது நிமிடம் நின்றேன். உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நல்லா தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" அவ்வளவு சாதாரணமாகத்தான் அது தொடங்கியது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இவற்றைப் பத்துக்கு ஒன்பதில் நிற்கும்போது முதல் முறையாகச் செய்து பார்த்தால் நடக்காது. பத்துக்கு இரண்டில் இருக்கும் சாதாரண நாளில் பழக வேண்டும். நான் தினமும் லிஃப்ட் வரும் வரை நிற்கும் நேரத்தில் நாலைந்து மூச்சை நீளமாக விடுகிறேன். நேற்று ஒரு கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பழையபடி வயிற்றில் ஏதோ புரண்டது, தோள் மேலே ஏறியது. ஏறுவது தெரிந்தது. மூச்சை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தேன். குரல் முதல் இரண்டு வாக்கியத்துக்கு நடுங்கியது, மூன்றாவதில் நின்றுவிட்டது. இப்போது மணி ஐந்தே முக்கால். நோட்டில் இன்று மூன்று வரிகள் இருக்கின்றன. ஒன்று அம்மாவைப் பற்றி.